முதற் காளாஞ்சி யாருக்கு?

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே திருவிழா முடிவில் காளாஞ்சி வழங்கும் வழக்கம் உண்டு. வெற்றிலையும் பாக்கும் பழமும் தேங்காயும் சேர்ந்ததே காளாஞ்சி. சந்தையில் அதன் விலை பெரிதன்று. ஆயினும் முதற் காளாஞ்சி யார் கையிற் சேர்வது என்ற வினா எழுந்துவிட்டால் உறவு முறிவதும், வழக்கு நீதிமன்றம் வரை செல்வதும் ஊரறிந்த செய்திகளே. பொருள் சிறிது, பூசல் பெரிது. ஏனெனில் அங்கே கொடுக்கப்படுவது பாக்கும் பழமும் அல்ல. ஊரார் முன்னிலையில் ஒருவருக்குரிய இடமே அங்கு கொடுக்கப்படுகிறது.

இந்திய நாட்டின் தலையாய விருதாகிய பாரத ரத்தினமும் இத்தகையதே. அரசிலை வடிவான ஒரு பதக்கம், குடியரசுத் தலைவர் ஒப்பமிட்ட ஒரு சான்றிதழ். இவற்றுக்கு மேல் பணமுடிப்பு ஏதும் இல்லை. அவ்விருதை விளையாட்டு வீரருள் முதன்முதல் யாருக்கு வழங்குவது என்பது பற்றி 2011 ஆம் ஆண்டு முதல் 2014 ஆம் ஆண்டு வரை அந்நாட்டிலே நிகழ்ந்த வாதம், ஒரு நாடு தன் வீரரை எவ்வாறு நினைவிற் கொள்கிறது, எவ்வாறு மறக்கிறது என்பதைக் காட்டும் சிறந்த வரலாற்றுப் பாடமாகும். அவ்வாதத்தின் ஒரு பக்கத்தில் நின்றவர் ஹொக்கி வீரர் தியான் சந்த்; மறு பக்கத்தில் நின்றவர் கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கர். உண்மையில் இருவருமே வாதத்தில் நிற்கவில்லை. முன்னவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, பின்னவர் ஆடிக்கொண்டிருந்தார்.

பாரத ரத்தினம் 1954 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆம் நாள் நிறுவப்பட்டது. இராஜகோபாலாச்சாரியார், இராதாகிருஷ்ணன், சி. வி. இராமன் என்னும் மூவர் முதலாண்டில் அதனைப் பெற்றனர். கலை, இலக்கியம், அறிவியல் ஆகியவற்றின் மேம்பாட்டுக்கு ஆற்றிய தனிப்பெருந் தொண்டுக்கும், மிக உயர்ந்த பொதுப்பணிக்கும் அது உரியது என்று விதி வகுக்கப்பட்டது. விளையாட்டு என்ற சொல் அவ்விதியில் இல்லை. விதியை எழுதியோர் விளையாட்டை இகழ்ந்தனர் என்று கருதவேண்டியதில்லை. புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் முதற் கவலைகள் வேறு. ஆயினும் எழுதாமல் விட்ட அந்த ஒரு சொல், ஐம்பத்தேழு ஆண்டுகள் வாயிற்காவலன் போல நின்றது.

அதனால் விளையாட்டு வீரர் பெற்றவை அதனினும் தாழ்ந்த படிகளிலுள்ள பத்ம விருதுகளே. வரிசையில் மூன்றாவதான பத்ம பூஷண் 1956 ஆம் ஆண்டிலே தியான் சந்துக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் அதே விருதைப் பெற்ற மற்றொரு வீரர், 1932 ஆம் ஆண்டு இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தில் தலைமை தாங்கிய சி. கே. நாயுடு. ஹொக்கியையும் கிரிக்கெட்டையும் அரசு ஒரே தட்டில் ஒரே எடையாக வைத்துப் பார்த்த அந்த ஆண்டினைப் பின்னாளில் வாதிட்டோர் பலரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

விளையாட்டுக்கென்றே அர்ஜுனா விருது 1961 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. முதலாண்டில் அதனைப் பெற்றோருள் டென்னிஸ் வீரர் இராமநாதன் கிருஷ்ணனும் சதுரங்க வீரர் மனுவேல் ஆரனும் இடம்பெற்றமை தமிழர் மகிழத்தக்கது. ஆனால் அந்த முதலாண்டுப் பட்டியலிலேயே ஒரு பெயர் இல்லாக் குறையும் உண்டு. அதற்கு முந்திய ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக்கில் 400 மீற்றர் ஓட்டத்தில் மயிரிழையிற் பதக்கத்தை இழந்து நான்காமவராக வந்த மில்கா சிங்குக்கு அவ்விருது கிட்டவில்லை. நாற்பது ஆண்டுகள் கழிந்து 2001 ஆம் ஆண்டில் அவருக்கு அதனை அளிக்க முன்வந்தபோது, காலம் கடந்து வந்த சிறப்பு தமக்கு வேண்டா என்று அவர் மறுத்துவிட்டார். உயிரோடிருந்தமையால் மறுக்கவேனும் அவரால் இயன்றது.

தியான் சந்த் 1905 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29 ஆம் நாள் அலகபாத்தில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் தியான் சிங். பதினேழாவது வயதளவில் பிரித்தானிய இந்தியப் படையிலே சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். பகலிற் படைப்பணி முடித்து இரவில் நிலவொளியில் தனியே பந்தைத் தட்டிப் பழகியமையால், நிலவைக் குறிக்கும் 'சந்த்' என்ற சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது என்பர். 1928 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கிற்கு இந்தியா முதன்முதலாக ஹொக்கி அணி ஒன்றை அனுப்பியது. ஐந்து ஆட்டங்களிலும் வென்ற அவ்வணி அடித்த கோல்கள் 29. எதிரணிகள் அதற்கெதிராக அடித்தது ஒன்றுமில்லை. அவ்விருபத்தொன்பதில் 14 தியான் சந்தின் கோலிலிருந்து பிறந்தவை.

நான்காண்டுகளின் பின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் சென்ற அணி, வழியில் இலங்கையில் இறங்கியது. இங்கே அகில இலங்கை அணியுடன் இரண்டு ஆட்டங்கள் நடைபெற்றன. ஒன்றில் இருபதுக்குச் சுழியம். மற்றதிற் பத்துக்குச் சுழியம். இத்தோல்வியை நாணத்துக்குரியதாகக் கொள்ள வேண்டியதில்லை. சில வாரங்களின் பின்னர் ஒலிம்பிக் அரங்கிலே அமெரிக்க அணி இதே இந்தியரிடம் இருபத்துநான்குக்கு ஒன்று என்ற கணக்கிற் தோற்றது. அவற்றுட் பத்தை அடித்தவர் தியான் சந்தின் தம்பி ரூப் சிங். எட்டை அடித்தவர் தமையனார். அவ்வாண்டு ஹொக்கிப் போட்டிக்கு வந்த நாடுகள் மூன்றே ஆகையால், அத்தனை கோல்களை வாங்கிய அமெரிக்கருக்கும் வெண்கலப் பதக்கம் கிடைத்தது என்பது ஒரு வேடிக்கை. இலங்கை அணி அங்கு சென்றிருப்பின் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதும் சுவையானதே.

தியான் சந்தின் வாழ்விலே தலைசிறந்த நாள் 1936 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15. பேர்லின் ஒலிம்பிக் இறுதி ஆட்டம் முதல்நாள் நடைபெறவேண்டியது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போயிற்று. அணித்தலைவர் தியான் சந்த். எதிரணி ஜேர்மனி, ஒலிம்பிக்குக்கு முன் நிகழ்ந்த பயிற்சி ஆட்டமொன்றில் இந்தியரை நான்குக்கு ஒன்றாகத் தோற்கடித்த அணி. அந்த அச்சம் மனத்தில் இருக்க, ஆட்டத்துக்குமுன் உடைமாற்றும் அறையிலே அணி மேலாளருள் ஒருவரான பங்கஜ் குப்தா காங்கிரஸ் மூவர்ணக் கொடியை எடுத்துக் காட்ட, வீரர் அனைவரும் அதனை வணங்கிவிட்டுக் களத்திற் புகுந்தனர். அவர்கள் வெளியே ஆடியது பிரித்தானிய இந்தியாவின் கொடிக்கீழ். தியான் சந்தோ அப்பேரரசின் படையிற் சம்பளம் பெறும் சிப்பாய். இடைவேளையின்போது இந்தியா ஒரு கோலே முன்னணியில் இருந்தது. பின்னர் அவர் காலணியைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் ஓடலானார். ஆட்டம் முடிந்தபோது கணக்கு எட்டுக்கு ஒன்று. அப்போட்டித் தொடர் முழுவதிலும் இந்தியாவுக்கு எதிராக விழுந்த ஒரே கோல் அதுதான். பதினோராண்டுகளின் பின் அதே ஓகஸ்ட் 15 ஆம் நாளில் அந்நாடு விடுதலை பெற்றது.

இவ்வளவு பெருமை பெற்றவர் 1956 ஆம் ஆண்டு மேஜர் பதவியிலிருந்து ஓய்வுபெற்று, ஜான்சியிலே எளிய வாழ்வு வாழ்ந்து, 1979 ஆம் ஆண்டு டிசம்பர் 3 ஆம் நாள் டெல்லியிற் காலமானார். அந்நாளில் பாரத ரத்தினம் என்ற விருதே நடைமுறையில் இல்லை. 1977 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அப்போதைய அரசு அதனை நிறுத்தி வைத்தது; மீண்டும் உயிர்பெற்றது 1980 ஆம் ஆண்டு ஜனவரியில். விதியும் இடந்தரவில்லை, விருதும் இருக்கவில்லை. இறந்தபின் வழங்கலாம் என்ற திருத்தம் 1955 ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டிருந்தது. அதன்படி முதன்முதல் 1966 ஆம் ஆண்டில் லால் பகதூர் சாஸ்திரியாருக்கு வழங்கவும்பட்டது. ஆகவே மரணம் தடையன்று. தடையாயிருந்தது மறதியே எனலாம்.

அம்மறதிக்குக் காரணம் உண்டு. இந்திய ஹொக்கி எட்டு ஒலிம்பிக் தங்கங்களைப் பெற்றது. அவற்றுள் இறுதியானது 1980 ஆம் ஆண்டில். இடையே 1976 ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கிற் செயற்கைப் புற்றரை புகுந்தது. புற்றரையிலே பந்தைக் கோலோடு ஒட்டவைத்து நெளிந்து செல்லும் கலை மங்கி, வேகமும் உடல்வலியும் ஓங்கின. அத்தகைய தரைகளை அமைக்கும் பொருள்வளம் ஐரோப்பிய நாடுகளுக்கு இருந்த அளவு இந்தியாவுக்கு இருக்கவில்லை. 1983 ஆம் ஆண்டில் உலகக் கிண்ணத்தை வென்ற கிரிக்கெட்டோ, அப்போதுதான் வீடுகளிற் புகத்தொடங்கிய தொலைக்காட்சியின் தோளில் ஏறிக்கொண்டது.

அத்தோளில் மிக உயர்ந்து அமர்ந்தவர் டெண்டுல்கர். 1973 ஆம் ஆண்டு பிறந்த அவர், பதினாறாவது வயதில், 1989 ஆம் ஆண்டு நவம்பரிற் கராச்சியிலே தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். அவருடைய கணக்கு உலகறிந்தது: 200 டெஸ்ட் ஆட்டங்கள், அவற்றில் 15,921 ஓட்டங்கள், டெஸ்டிலும் ஒருநாள் ஆட்டங்களிலுமாக 100 சதங்கள். இருபத்துநான்கு ஆண்டுகள் பெருமளவு பணமும் புகழும் சூழ நின்றும், தம் நடத்தையிற் பெரிய மாசு படாமற் காத்துக்கொண்டமை ஓட்டங்களினும் அரிய செயல். அவருடைய தகுதியைக் குறைத்துப் பேசித்தான் தியான் சந்தை உயர்த்தவேண்டும் என்பது இல்லை.

2011 ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தியா மீண்டும் உலகக் கிண்ணத்தை வென்றதும், டெண்டுல்கருக்குப் பாரத ரத்தினம் வழங்கவேண்டும் என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. விதி குறுக்கே நின்றது. அவ்வாண்டு டிசம்பரில் விதி மாறியது. மனித முயற்சியின் எத்துறையிலும் சிறந்தோர்க்கு விருது வழங்கலாம் என்று அகலமாக்கப்பட்டது. தியான் சந்துக்காக யாரும் ஐம்பத்தேழு ஆண்டுகளாகத் திறவாத கதவு, மற்றொருவருக்காகத் திறக்கப்பட்டது. திறந்ததும் ஹொக்கி அன்பர்கள் உள்ளே நுழைந்தனர். பாராளுமன்ற உறுப்பினர் எண்பத்திருவர் தியான் சந்தின் பெயரை முன்மொழிந்தனர். மலையேறிய தென்சிங், துப்பாக்கிச் சுடுதலில் ஒலிம்பிக் தங்கம் பெற்ற அபிநவ் பிந்திரா, சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் ஆகியோரின் பெயர்களும் பேசப்பட்டன. 2013 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் விளையாட்டு அமைச்சே தியான் சந்தைப் பரிந்துரைத்துப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியது.

பத்ம விருதுகளுக்குத் தெரிவுக்குழு உண்டு. பாரத ரத்தினத்துக்கு அது இல்லை. பிரதமர் பரிந்துரைப்பார், குடியரசுத் தலைவர் வழங்குவார். 2013 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் நாள் மும்பையில் டெண்டுல்கரின் இறுதி டெஸ்ட் ஆட்டம் தொடங்கியது. அன்றே அவருடைய வாழ்க்கைக் குறிப்பைப் பிரதமர் அலுவலகம் விளையாட்டு அமைச்சிடம் கேட்டுப் பெற்றது என்பது, தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பின்னர் வெளிவந்த ஆவணங்களால் தெரியவந்தது. நவம்பர் 16 ஆம் நாள் ஆட்டம் முடிந்து, அவர் கண்ணீரோடு விடைபெற்ற சில மணி நேரத்தில் விருது அறிவிக்கப்பட்டது. மாதக்கணக்காகக் கிடந்த கோவை ஒன்று. இரண்டு நாளில் முடிந்த கோவை ஒன்று. அடுத்த ஆண்டு பொதுத்தேர்தல் வரவிருந்தமையைப் பலர் சுட்டிக்காட்டினர்.

இருவருள் யார் பெரியவர் என்று எண்களை அடுக்கி வாதிட்டோர் பலர். அவ்வாதம் பயனற்றது. ஹொக்கியில் மூன்று நாடுகளே வந்த ஒலிம்பிக்கும் உண்டு என்று ஒரு சாரார் கூறினால், டெஸ்ட் ஆட்டம் ஆடும் நாடுகள் அன்று பத்தே என்று மறு சாரார் கூறுவர். நூறு சதங்களையும் மூன்று ஒலிம்பிக் தங்கங்களையும் எந்தத் துலாக்கோலில் நிறுப்பது? வேறொரு வேறுபாடே கருதத்தக்கது. டெண்டுல்கரின் ஒவ்வொரு அடியையும் கோடிக்கணக்கானோர் கண்டனர். இன்றும் வேண்டும்போது காணலாம். தியான் சந்தின் ஆட்டத்துக்கு எஞ்சியிருப்பவை ஓரிரு அசைபடத் துண்டுகளும் செய்தித்தாட் குறிப்புகளுமே. பேர்லின் இறுதி ஆட்டத்தில் அவர் அடித்த கோல்கள் மூன்று என ஒரு கணக்கும், ஆறு என வேறொரு கணக்கும் கூறும். சான்று குறையுமிடத்தே கதை வளர்வது இயல்பு. அவர் கோலிற் காந்தம் உண்டோ என்று ஐயுற்று அதனை முறித்துப் பார்த்தனர் என்றும், ஹிட்லர் அவருக்குத் தம் படையிற் பதவி தர முன்வந்தார் என்றும் வழங்கும் கதைகள் இவ்வாறு வளர்ந்தவையே. அவரை உயர்த்துவதாக எண்ணி இவற்றைச் சொல்வோர், உண்மையான பதினான்கு கோல்களையும் கதையாக்கிவிடுகின்றனர்.

ஆமூர் மல்லனைப் போரவைக்கோப் பெருநற்கிள்ளி வீழ்த்திய மற்போர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அறியப்படுவது, சாத்தந்தையார் என்னும் புலவர் அதனைப் பாடி வைத்தமையாலன்றோ? அன்று மல்லர் எத்தனையோ பேர் பொருதிருப்பர். பாடியோர் இல்லாதார் பெயரின்றிப் போயினர். தம்மைத் தாமே பேசுவிக்க இயலாத காலத்து வீரருக்கு ஓர் அரசின் விருது செய்யக்கூடிய உதவி இங்கேதான் இருக்கிறது. டெண்டுல்கருக்கு அவ்விருது ஒரு மகுடம். அது இன்றியும் அவர் புகழ் குன்றாது. தியான் சந்துக்கோ அது ஒரு சாட்சி. சாட்சி தேவைப்படுபவரை விட்டு, தேவைப்படாதவருக்கு முதலில் வழங்கியதே அவ்வாண்டு நிகழ்ந்த தவறு.

அதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஓராண்டில் மூவருக்கு மேல் பாரத ரத்தினம் வழங்கலாகாது என்பது விதி. 2014 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆம் நாள் அவ்விருதைப் பெற்றோர் இருவர்: ஒருவர் டெண்டுல்கர், மற்றவர் அறிவியலாளர் சி. என். ஆர். ராவ். மூன்றாவது இருக்கை வெறிதே கிடந்தது. ஆகவே இருவருள் ஒருவரே என்று நாடு முழுவதும் சொற்போர் நிகழ்ந்த அந்த மாதங்களில், தெரிவு செய்ய வேண்டிய நெருக்கடியே இருக்கவில்லை. சிப்பாயும் துடுப்பாட்டக்காரரும் ஒரே நாளில் ஒரே மண்டபத்திற் சிறப்புப் பெற்றிருக்கலாம். 1956 ஆம் ஆண்டில் தியான் சந்தையும் நாயுடுவையும் ஒருங்கே சிறப்பித்த அரசுக்கு இது புதிதும் அன்று. விருது பெற்ற டெண்டுல்கரையும் இதிற் குறை கூற இயலாது. அவர் அதனைத் தம் அன்னைக்கு உரித்தாக்கிப் பெற்றுக்கொண்டார்.

தியான் சந்தின் மைந்தர் அசோக் குமார், 1975 ஆம் ஆண்டு கோலாலம்பூரில் உலகக் கிண்ண இறுதி ஆட்டத்திலே பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்தவர். தந்தைக்காகப் பழைய வீரரோடு சேர்ந்து அவர் பல ஆண்டுகள் வேண்டிநின்றார். 2017 ஆம் ஆண்டில் விளையாட்டு அமைச்சு மீண்டும் எழுதியது. 2021 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5 ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய ஆடவர் ஹொக்கி அணி நாற்பத்தோராண்டு இடைவெளிக்குப்பின் ஒரு பதக்கம் வென்றது. மறுநாள், நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதாகிய கேல் ரத்னாவிலிருந்து இராஜீவ் காந்தியின் பெயர் நீக்கப்பட்டுத் தியான் சந்தின் பெயர் சூட்டப்பட்டது. அதற்கு முன்னரே வாழ்நாட் சாதனை விருதொன்றும், டெல்லியின் தேசிய விளையாட்டரங்கும் அவர் பெயரைத் தாங்கின. அவர் பிறந்த நாள் தேசிய விளையாட்டு நாளாயிற்று. பிறருக்கு வழங்கும் பரிசுக்கெல்லாம் அவர் பெயர் பயன்பட்டது.

2024 ஆம் ஆண்டில் மூவர் என்ற வரம்பையும் கடந்து ஐவருக்குப் பாரத ரத்தினம் அறிவிக்கப்பட்டது. அரசியலார் நால்வர், வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதன் ஒருவர். ஐவருள் நால்வர் இறந்தபின் பெற்றவர்கள். விளையாட்டு வீரர் எவரும் அவ்வைவருள் இல்லை.